சித்தப்பா ஏறிய பெட்டி

அருப்புக்கோட்டைக்கு முதன்முதலாக ரயில் வந்தபோது எனக்கு ஆறு வயது இருக்கும். விருதுநகரிலிருந்து போட்டுவந்த தண்டவாளம் எங்கள் ஊரோடு முடிந்தது. மானாமதுரைப் பக்கம் அப்போது வெறும் மண்மேடுதான்.

அந்த ரயிலில்தான் சித்தப்பா பட்டாளத்துக்குப் புறப்பட்டார். சித்தியின் தாலிக்கயிற்றில் மஞ்சள்கூட இன்னும் மங்கவில்லை. எல்லையில் சண்டை நடந்து ஓய்ந்திருந்த சமயம் என்பதால் வீட்டில் யாருக்கும் சோறு இறங்கவில்லை. புது வண்டி, திருஷ்டி கழிக்காமல் அனுப்பக்கூடாது என்று சித்தி பிடிவாதமாக நின்றார். மாரியம்மன் காலடியில் வைத்தெடுத்த எலுமிச்சம்பழத்தை அப்பா இஞ்சின் சக்கரத்துக்கு முன்னால் தண்டவாளத்தில் வைத்தார். டிரைவர் தடுக்கவில்லை. தன் பங்குக்கு விபூதி வாங்கிப் பூசிக்கொண்டார்.

நான் இஞ்சினையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவ்வளவு பெரிய கறுப்பு. அது மூச்சு விட்டபோது என் பாவாடை படபடத்தது. சந்நிதியில் திரை விலகும்போது வருமே ஒரு பயம், அது வந்தது. என்னை அறியாமல் கும்பிட்டேன்.

விசில் ஊதியது. பழம் நசுங்கியது. எல்லாரும் கன்னத்தில் போட்டுக்கொண்டோம். பார்த்தால், இஞ்சின் மட்டும் தனியாகப் போகிறது! சித்தப்பா உட்கார்ந்திருந்த முதல் பெட்டி நின்ற இடத்திலேயே நிற்கிறது.

சித்தி என் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டார். "இஞ்சினுக்குத்தானக்கா கழிஞ்சிருக்கு. இவுக பொட்டி அப்படியே நிக்குதே."

இஞ்சின் பக்கத்துத் தண்டவாளத்தில் ஏறித் திரும்பி வந்தது. டிரைவர் எட்டிப் பார்த்தார். "இதோட பாதை முடிஞ்சிருச்சும்மா. மாட்ட அவுத்து அந்தப் பக்கம் பூட்டுற மாதிரிதான்."

"மொதல்லயே சொல்லப்படாதா?" என்றார் அப்பா.

"நீங்க கேக்கலையே அண்ணாச்சி."

வேறு பழம் இல்லை. இஞ்சின் மறுமுனையில் போய் மாட்டிக்கொண்டது. சித்தி ஜன்னல் கம்பியைப் பிடித்து, "எறங்கிருங்க, நாளைக்குப் போகலாம்" என்றார்.

"ஏம் பொட்டிக்கு எலுமிச்சம்பழம் நசுங்கலைன்னு பட்டாளத்துல போயி சொல்லவா? கைய எடு. வாரேன்."

வண்டி கிளம்பியது. மற்றவர்கள் நடக்கத் தொடங்கிவிட்டார்கள். சித்தி மட்டும் நின்றார். அவருக்கும் என்னைப் போல இஞ்சின் மேல் ஆசை என்று நினைத்தேன். புகை மறைந்ததும், "இஞ்சின் போயிருச்சு சித்தி, வாங்க" என்று முந்தானையை இழுத்தேன். அவர் அசையவில்லை.

அம்மன் கைவிடவில்லை. சித்தப்பா முழுசாகத் திரும்பி வந்தார், பேரன் பேத்தியும் பார்த்தார். இஞ்சின் பக்கம் மாறியதில், முதல் பெட்டி அன்று கடைசிப் பெட்டியாகிவிட்டது. அதன் ஜன்னலில் ஒரு கை வெகுதூரம் வரைக்கும் தெரிந்துகொண்டே இருந்திருக்கிறது. நான் புகையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.