மஞ்சள் ஒயர் மேஜைமேல் கிடந்தது

நடந்ததை நடந்தபடியே எழுதுகிறேன். ஒரு சொல்கூடக் கூட்டவில்லை. டிவி, மானிட்டர் பழுது பார்ப்பதுதான் என் பிழைப்பு. படம் ஏன் வரவில்லை என்று பதினெட்டு வருடமாக மண்டையை உடைத்துக்கொண்டிருப்பவன் நான். படம் ஏன் வந்தது என்று தெரியாமல் விழித்தது இந்த ஒரு தடவைதான்.

என் மனைவியின் தம்பி பைக் விபத்தில் இறந்து அன்றைக்கு ஐம்பத்து மூன்றாவது நாள். வீட்டில் எல்லோருக்கும் அவன் வாலு. முப்பத்தொரு வயதாகியும் வாலுதான். என் மனைவி ஒரு சொட்டு அழவில்லை. ஆஸ்பத்திரியில் அழவில்லை. அவனைத் தூக்கிக்கொண்டு போனபோதும் அழவில்லை. சமைத்தாள், வேலைக்குப் போனாள், திரும்பி வந்தாள். கேட்டதற்கு மட்டும் பதில் சொன்னாள். "எப்படியாவது அழ வைங்க" என்றார் டாக்டர். எப்படி என்று அவருக்கும் தெரியவில்லை. எனக்கும் உள்ளே எல்லாம் மரத்துப்போயிருந்தது. இரண்டு பேரும் ஒரே வீட்டில் சத்தமில்லாமல் நடமாடிக்கொண்டிருந்தோம்.

ஞாயிற்றுக்கிழமை, பிற்பகல் மூன்று பத்து. அவள் ஓர் அட்டைப் பெட்டியை என் முன்னால் வைத்தாள். அம்மா வீட்டிலிருந்து எடுத்து வந்தது. அக்காவும் தம்பியும் சின்ன வயதில் ஆடிய வீடியோ கேம். ஒரே ஒரு கன்ட்ரோலர், கார் ரேஸ் கேசட் ஒன்று, மஞ்சள், வெள்ளை, சிவப்பு என்று மூன்று தலை வைத்த ஒயர்.

"இதை ஓட வைங்க."

"இப்பவேவா?"

"இப்பவே."

ஐம்பத்து மூன்று நாளில் அவள் என்னிடம் கேட்ட முதல் காரியம் அது. மறுபேச்சு பேசவில்லை.

எங்கள் மானிட்டர் புதுசு. அந்தக் காலத்து ஒயர் அதில் நுழையாது. கடையிலிருந்து கொண்டுவந்து வைத்திருந்த கன்வெர்ட்டர் டப்பாவை நடுவில் மாட்டினேன். சுவிட்சைப் போட்டேன். கேமில் சிவப்பு விளக்கு எரிந்தது. மானிட்டரில் 'சிக்னல் இல்லை' என்று வந்தது. கேசட்டைக் கழற்றி, ஊதி, திரும்பச் சொருகினேன். சத்தம் வந்தது. எஞ்சின் உறுமல், இழுவையாக... படம் மட்டும் இல்லை.

சத்தம் வந்து படம் வராவிட்டால் முதலில் மஞ்சள் ஒயரைத்தான் பார்க்க வேண்டும். படத்தைக் கொண்டுபோவது அது ஒன்றுதான். கழற்றி மல்டிமீட்டரை வைத்தேன். வெள்ளைக்கு 'பீப்' என்றது. சிவப்புக்கும் 'பீப்'. மஞ்சளுக்குச் சத்தமே இல்லை. நாலு தடவை வைத்துப் பார்த்தேன். உள்ளே கம்பி அறுந்திருந்தது.

"ஒயர் செத்துப்போச்சு. நாளைக்குக் கடையிலிருந்து வேற கொண்டு வரேன்."

அவள் மானிட்டர் முன்னால் உட்கார்ந்தாள். நகரவில்லை. வெள்ளை, சிவப்பு இரண்டையும் மட்டும் சும்மா திரும்ப மாட்டினேன், சத்தத்தையாவது கேட்கட்டும் என்று. மஞ்சள் தலை மேஜைமேல் கிடந்தது.

மூன்று நாற்பத்திரண்டு. பக்கத்து வீட்டில் காலையிலிருந்து சுவரைத் துளைத்துக்கொண்டிருந்தார்கள். அந்தச் சத்தம் சட்டென்று நின்றது.

'டிக்.'

ஆட்டத்தில் பட்டனை அழுத்தினால் வரும் சத்தம் அது. கன்ட்ரோலர் ஒயரைச் சுற்றியிருந்த ரப்பர் பேண்டை நான் இன்னும் எடுக்கவே இல்லை.

'டிக்... டிக்.'

"நீ எதையாவது தொட்டியா?"

தலையை ஆட்டினாள். இல்லை.

மானிட்டர் வெளிறியது. கோடுகள் ஓடின. அப்புறம் படம் நின்றது. தெளிவாக. கலரில்.

மஞ்சள் ஒயரைப் பார்த்தேன். மேஜைமேல்தான் இருந்தது.

திரை குறுக்கே இரண்டாகப் பிரிந்திருந்தது. மேல் பாதியில் ஒரு சிவப்புக் கார், நின்றபடி. கீழ்ப் பாதியில் ஒரு நீலக் கார்.

நீலம் ஓடிக்கொண்டிருந்தது.

சுவரில் மோதவில்லை. வளைவுகளில் அழகாகத் திரும்பியது. யாரோ ஓட்டுகிற மாதிரி... கொஞ்ச தூரம் போய் ஒரு வளைவில் நின்றது.

நின்றேவிட்டது.

"பள்ளிக்கூடம் போறப்ப தெருமுனையில இப்படித்தான் நிப்பான்," என்றாள் என் மனைவி. "நான் வர்ற வரைக்கும்."

ரப்பர் பேண்டைக் கழற்றி, கன்ட்ரோலரைக் கேமில் சொருகினாள்.

"வேண்டாம்..." என்றேன். கை சுவிட்ச் பக்கம் போனது. பாதியில் நின்றுவிட்டது. ஏன் நின்றது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

"வரேன்டா. இரு."

சிவப்புக் கார் கிளம்பியது. தட்டுத் தடுமாறி வளைவுக்கு வந்தது. நீலம் நகர்ந்தது.

இரண்டும் சேர்ந்து போயின.

மூன்று சுற்று.

அறை சில்லிட்டிருந்தது என்று சொல்லமாட்டேன். ஒன்றுமே மாறவில்லை. ஜன்னலில் வெயில் இருந்தது. அதுதான் தாங்கமுடியவில்லை.

கடைசிக் கோட்டுக்கு ஒரு கார் நீளம் முன்னால் நீலம் நின்றது.

சிவப்பு தாண்டியது.

'சிக்னல் இல்லை.'

மணி மூன்று ஐம்பத்தொன்று.

கன்ட்ரோலரை மடியில் வைத்துக்கொண்டு அவள் அழுதாள். முதல் தடவையாக. பக்கத்து வீட்டில் மறுபடி சுவரைத் துளைக்க ஆரம்பித்தார்கள்.

மறுநாள் புது ஒயர் கொண்டு வந்து மாட்டினேன். படம் வந்தது. முழுத் திரையில், ஒரே ஒரு கார். இரண்டு பேர் ஆடுகிற பக்கத்தைத் தேடினேன். மெனு முழுக்கத் துழாவியும் சிக்கவில்லை. பழைய கேம் வாங்கி விற்கும் நண்பர் ஒருவர் எங்கள் கடைக்கு வருவார். செவ்வாய்க்கிழமை கேசட்டை அவரிடம் காட்டினேன். திருப்பிக்கூடப் பார்க்கவில்லை அவர்.

"இதுல ரெண்டு பேர் ஆட முடியாது சார். ஒரு ஆளுக்குத்தான். இதுல ஸ்கிரீன் பிரியவே பிரியாது."

மாலை வீட்டுக்குப் போனபோது அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள். கேசட்டைக் கட்டில்மேல் வைத்தேன். நண்பர் சொன்னதைச் சொன்னேன்.

"தெரியும்," என்றாள். "ஒருத்தர்தான் ஆட முடியும்னுதான் சின்ன வயசுல எங்களுக்குள்ள தினமும் அடிதடியே."

"அப்புறம் ஏன் அன்னிக்குச் சொல்லல?"

ஒரு சட்டையை நீவி மடித்து அடுக்கில் வைத்தாள்.

"சொல்லியிருந்தா நீங்க சுவிட்சை அணைச்சிருப்பீங்க."