தெற்குக் கரையின் பனங்குழிகள்

விழுப்புரத்தில் காலை ரயிலுக்குச் சீட்டு கொடுத்தவர், "புயல் வருதும்மா, பாண்டிக்கா போறீங்க?" என்று கேட்டார். வில்லியனூருக்கு என்றேன். "எல்லாம் ஒண்ணுதான்" என்று பத்து ரூபாய்ச் சீட்டைத் தள்ளினார்.

பிடிவாதத்துக்குக் காரணம் உண்டு. பாலக்கோட்டுப் பக்கம் எங்கள் ஊர் ஏரி தளும்பி நான் பார்த்தது பள்ளிக்கூடத்தில் படித்தபோது. பத்து நாளைக்கு முன், கல்லூரி விடுதியில் என் அறைத்தோழியாக இருந்த சாந்தி போன் செய்து, "எங்க ஏரி ரொம்பிக்கினு இருக்குதுடி, வந்து பாரு" என்றாள். அப்போது புயல் என்ற பேச்சே இல்லை. பேச்சு வந்ததும் அவளே "வராதடி" என்றாள். வராதே என்றால் கிளம்புகிற ஜென்மம் நான்.

ஒன்பது மணிக்கு வில்லியனூர். பாகூர் பேருந்தில் பதினைந்து ரூபாய். கரிக்கலாம்பாக்கம் தாண்டியதும் இரண்டு பக்கமும் நெல், பால் பிடித்த கதிர். நடுவே சவுக்குத் தோப்புகள் அடியோடு வெட்டிக் கிடந்தன. காற்றில் முறிந்த சவுக்கு விலை போகாது என்று முன்கூட்டியே வெட்டிவிட்டார்கள் என்றார் நடத்துநர். காற்றைத் தடுப்பதே அந்தத் தோப்புதானே என்று கேட்டேன்.

"தடுக்கும்தான். நம்ம தோப்பு எதுக்குத் தடுக்கணும்னு ஒவ்வொருத்தனும் நெனச்சா இன்னா பண்றது?" என்றார்.

பத்தரை மணிக்குப் பாகூரில் இறங்கினேன். சாந்தியின் கணவர் தனசேகர் கடைத்தெருவில் ரபீக் பாயின் அரிசிக்கடை முன்னால் நின்று காலிச் சாக்குகளை டிராக்டரில் ஏற்றிக்கொண்டிருந்தார். பாய் தன் பங்குக்கு இருநூறு சாக்கைத் தூக்கிக் கொடுத்துவிட்டு, "ஏரிக் கர ஒடையாம இருந்தா திருப்பிக் குடு தனசேகரு, ஒடஞ்சா வேணாம்பா" என்றார். தனசேகர் சிரிக்கவில்லை. மூன்று நாளாகத் தூங்காத கண்கள். சாக்கு மூட்டையின் மேல் என்னையும் ஏற்றிக்கொண்டார். அங்கிருந்து நான்கு கிலோமீட்டர். ஊர்ப் பெயரை எழுத வேண்டாம் என்று சாந்தி கேட்டுக்கொண்டதால் எழுதவில்லை.

ஏரியைப் பார்த்ததும் டிராக்டரிலிருந்து இறங்கிக் கரைக்கு ஓடினேன். எவ்வளவு தண்ணீர்! எங்கள் ஊராக இருந்தால் கிடா வெட்டிப் பொங்கல் வைத்திருப்போம். இங்கே ஒருவர் முகத்திலும் சிரிப்பில்லை. கரைக்குக் கிழக்கே, தண்ணீர் மட்டத்துக்கு ஓர் ஆள் உயரம் கீழே, இவர்கள் வயல். அதில் தெற்கு ஓரமாகத் தனசேகருடையது இரண்டு காணி. நகையை வைத்துப் போட்ட பயிர், அறுவடைக்கு இன்னும் ஒரு மாதம்கூட இல்லை. "இது நின்னாதான்டி பொண்ண காலேஜ்ல சேக்க முடியும்" என்றாள் சாந்தி.

ஏரிக்கு மேற்கே இன்னோர் ஊர். ஏரி நிரம்பினால் அவர்கள் வயலுக்குள் தண்ணீர் ஏறும். அதனால் ஒவ்வொரு பெருமழைக்கும் அவர்கள் வந்து கரையை வெட்டிவிடுவார்கள் என்பது இவர்கள் பயம். என்றோ ஒருமுறை வெட்டினார்களாம். யார் கண்டார்கள் என்று கேட்டால் எல்லோரும் அடுத்தவரைக் காட்டுகிறார்கள். மழை வலுத்தால் வீட்டுக்கு ஓர் ஆள் தடியோடு கரையின் வடக்கு முனையில் காவல் நிற்பது வழக்கம். மேற்கு ஊர்ப் பாதை அங்கேதான் கரையில் ஏறுகிறது.

பன்னிரண்டு மணிக்கு மழை சாய்வாக அடிக்கத் தொடங்கியது. ஒரு மணிக்குக் காற்று. நானும் சாந்தியும் காவலாட்களுக்குத் தூக்குவாளியில் சோறு கொண்டு போனோம். கரைமேல் நடப்பதே பெரும்பாடு. புடவை காலைச் சுற்றிக்கொண்டது. வடக்கு முனையில் ஏறக்குறைய முப்பது பேர். இருநூறு மண்மூட்டைகளும் அங்கேயே அடுக்கியிருந்தன. தெற்கே ஏன் யாரும் இல்லை என்று கேட்டேன்.

"அங்க எவன் வரப் போறான்?" என்றார் தனசேகர். "அது நம்ம பக்கம்."

இரண்டேகால் மணி. மேற்குப் பாதையில் ஒருவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடிவந்தார். தோளில் மண்வெட்டி. அவ்வளவுதான், முப்பது தடியும் அவரைச் சூழ்ந்துகொண்டன. மண்வெட்டியைப் பிடுங்கினார்கள். மேற்கு ஊர்க்காரர், பெயர் ஏழுமலை. மூச்சு வாங்கியது.

"தெக்கால கரையில மண்ணு கொதிக்குதுபா. எங்க மச்சான் அங்க கீழ வாத்து மேய்க்கறான். கர அடியில கலங்கத் தண்ணி பொங்குதுன்னு போன் பண்ணான். வயல்ல இருந்து அப்பிடியே ஓடியாறன்."

"மம்ட்டி எதுக்குடா?" என்று ஒருவர் கேட்டார்.

"வயல்ல இருந்து வந்தன்னு சொல்றன் இல்ல?"

தனசேகர் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தன் ஆட்கள் பக்கம் திரும்பி, "நம்மள தெக்கால ஓட வுட்டுட்டு இங்க வெட்டப் பாக்கறானுங்க. ஒருத்தனும் நவுரக் கூடாது" என்றார். ஏழுமலையின் சட்டைப்பையிலிருந்து போனை எடுத்து என்னிடம் நீட்டினார். "புடிங்கம்மா. யாரு கூப்புட்டாலும் எடுக்காதீங்க. ஆளு வரச் சொல்லிடுவான்."

வாங்கிக்கொண்டேன். விருந்தாளி, ஊர் விஷயம், நமக்கென்ன தெரியும் என்று தோன்றியது. உண்மையைச் சொன்னால், எனக்கும் அந்த மண்வெட்டியைப் பார்த்துச் சந்தேகமாகத்தான் இருந்தது.

போன் உடனே அடித்தது. திரையில் 'மச்சான்'. நின்றது, மறுபடி அடித்தது. ஏழுமலை என் கையையே பார்த்தார்.

"ஒருத்தர அனுப்பித்தான் பாரேன்யா" என்றாள் சாந்தி.

"நீ சும்மா இருடி."

காற்றில் யாரும் நேராக நிற்க முடியவில்லை. ஏழுமலையை உட்காரவைத்து, உங்கள் ஊரில் எத்தனை பேர் கூடியிருக்கிறார்கள், யார் சொல்லி வந்தாய் என்று விசாரணை நடந்தது. போன் என் உள்ளங்கையில் துடித்துக்கொண்டே இருந்தது. எடுத்துவிடலாமா என்று இரண்டு முறை விரலைக் கொண்டுபோனேன். தனசேகர் பார்த்தார். விரலை இழுத்துக்கொண்டேன்.

இருபது நிமிடம் கழித்து, சாந்தி திட்டித் தீர்த்த பிறகு, ஓர் ஆளை அனுப்பினார்கள். அவர் பாதி வழி போயிருக்கமாட்டார். திரும்பி நின்று இரண்டு கையையும் வீசினார். கத்தியது காதில் விழவில்லை. அதற்குள் தெற்கே கரை உடைந்து வயல் வெள்ளையாக மாறிக்கொண்டிருந்தது.

எல்லோரும் ஓடினோம். மூட்டைகள் கரையின் மறுகோடியில் கிடந்தன. தூக்கி வந்து போட்டவை வைக்கோல் மாதிரி அடித்துச் செல்லப்பட்டன. அப்போதுதான் மேற்கு ஊர்க்காரர்கள் நாற்பது பேர் சவுக்குக் கழிகளோடு வந்தார்கள். ஏழுமலை முன்னால் இறங்கிக் கழியை ஊன்றினார். அவரை யாரும் எதுவும் கேட்கவில்லை. இரண்டு ஊரும் சேர்ந்து உடைப்பை அடைத்தபோது மணி ஐந்தரை. தனசேகரின் இரண்டு காணியும் மணலுக்குள் போயிருந்தது.

மறுநாள் காலை மழை விட்டிருந்தது. உடைந்த இடத்துக்கு இரண்டு பக்கமும் வரிசையாகப் பள்ளங்கள், வாய் பிளந்து. இது என்ன என்று தனசேகரைக் கேட்டேன்.

"பன இருந்த எடம்" என்றார். "அறுப்பு மிஷின் கர மேல வரணும்னு போன கோடையில ஜேசிபி வுட்டு வேரோட எடுத்தோம். மரத்த சூளைக்குக் குடுத்துட்டு, குழிய சும்மா மண்ணத் தள்ளி மூடிட்டோம். எடுக்கணும்னு சொன்னதே நான்தாம்மா." அப்படியே கரையில் உட்கார்ந்துவிட்டார். சாந்தி அவர் தலைமேல் கை வைத்துக்கொண்டு நின்றாள். எனக்கு அழுகை வந்தது.

ஏழுமலையின் போன் என் பையிலேயே தங்கிவிட்டிருந்தது. மேற்கு ஊருக்கு நடந்து போய்க் கொடுத்தேன். ஏழுமலை வீட்டுக் கட்டிலில் அந்த மச்சான் கம்பளி போர்த்தியபடி டீ குடித்துக்கொண்டிருந்தார். வாத்துகளில் பாதி போய்விட்டதாம். ஏழுமலை திரையைப் பார்த்தார். பதினொரு தவறிய அழைப்புகள்.

"மொதல்ல ஏழு, கொதிப்பு ஜாஸ்தியாவுதுன்னு சொல்லப் பண்ணது" என்றார். "கடசி நாலும் இவன் மோட்டார் கொட்டாய் மேல ஏறி நின்னுக்கினு பண்ணது." குரலில் கோபமே இல்லை. "நீங்களாவது எடுத்துருக்கலாமேம்மா."

மன்னிப்புக் கேட்டேன். டீ கொடுத்தார்கள். குடித்துவிட்டு வந்தேன்.

பாகூரிலிருந்து மதியப் பேருந்து ஓடியது, அதே பதினைந்து ரூபாய். வழியில் தோப்பு வெட்டிய இடங்களை ஒட்டிய வீடுகளில் கூரை இல்லை. வில்லியனூரில் ரயில் மூன்று மணி நேரம் தாமதம். எங்கள் ஊருக்கு வந்து சேர மறுநாள் விடிந்துவிட்டது. பேருந்து நிறுத்தத்திலிருந்து வீட்டுக்கு ஏரிக்கரை வழியாகத்தான் நடக்க வேண்டும். ஏரி காய்ந்து கிடந்தது. கரையில் பனை இருந்த இடங்களை முதன்முறையாக நின்று பார்த்தேன். பத்து அடிக்கு ஒன்றாகப் பள்ளம். தண்ணீர் வராத ஏரிக்குப் பனை எதற்கு என்று போன வருடம் வேரோடு வெட்டியபோது நானும்தான் சும்மா இருந்தேன்.

இப்போதெல்லாம் தெரியாத எண்ணாக இருந்தாலும் போனை எடுத்துவிடுகிறேன். பெரும்பாலும் லோன் வேண்டுமா என்று கேட்கிறார்கள். வேண்டாம் என்று சொல்லி வைக்கிறேன். ஆனால் எடுத்துவிடுகிறேன்.