5.40க்கு விழும் சுவிட்ச்

நம்பாதவர்கள் நம்ப வேண்டாம். எனக்கும் பேய் பிசாசில் நம்பிக்கை கிடையாது. மனிதர்கள் மேலேயே கிடையாது. ஆனால் இது நடந்தது.

ஏரிப் படகுத்துறையில் நான் எலக்ட்ரீஷியன். ஒவ்வொரு படகுக்கும் கரையில் கண்ணாடிக் கதவு வைத்த ஒரு கரண்ட் பெட்டி. உள்ளே ஒரு டிரிப் சுவிட்ச். தண்ணீரில் கொஞ்சம் கரண்ட் கசிந்தாலும் அது விழுந்து லைனைத் துண்டித்துவிடும். ஏழாம் பெட்டியில் ஒரு மாதமாகத் தினமும் விழுந்தது. சரியாக மாலை 5.40க்கு. காலையில் மீட்டர் வைத்தால் கசிவே இல்லை. படகுக்காரர் கத்தினார். மேனேஜர், "நாளைக்கும் விழுந்தா வேற ஆள பாத்துக்கறேன்" என்று சொல்லிவிட்டார்.

பெட்டியின் இன்னொரு சாவி காவலாளியிடம் இருந்தது. முழுச் சந்தேகமும் அவர் மேல்தான்.

"ஏண்ணே, எத்தன நாளா இந்த விளையாட்டு?"

"நான் ஏன் தொடப்போறேன்? கரண்டுன்னாலே எனக்கு ஆகாது."

பசப்புகிறார் என்று நினைத்தேன். அவர் சாவியையும் பிடுங்கிக்கொண்டேன். சுவிட்ச் விழாதபடி கட்டுக்கம்பியால் நான்கு சுற்று இறுக்கிக் கட்டிப் பூட்டினேன். எந்த எலக்ட்ரீஷியனும் செய்யக்கூடாத வேலை. வேலை போய்விடுமே என்ற பயத்தில் செய்தேன்.

5.36. என் மகள் வழக்கம்போல படகுகளுக்குப் பக்கத்தில் நீந்த இறங்கினாள். விடுமுறை விட்ட இந்த ஒரு மாதமாகத் தினமும் வருகிறாள்.

5.39. காவலாளி என் பக்கத்தில். இரண்டு சாவியும் என் பையில்.

5.40. கிர்ர்...

பெட்டியின் கண்ணாடி வழியே பார்த்தேன். கம்பி அவிழ்ந்துகொண்டிருந்தது. நிதானமாக. ஒரு சுற்று... இன்னொரு சுற்று...

கண்ணாடியின் உள்பக்கம் ஈர விரல் தடம்.

டக்.

"நான் இல்லீங்க..." என்றார் காவலாளி.

"அப்பா!" மகளின் குரல் பலவீனமாக வந்தது. "இப்பதான் விட்டுச்சு. இவ்ளோ நேரம் தண்ணி ஊசியா குத்துச்சு. கைய அசைக்கவே முடியல."

குதித்து அவளைக் கரையேற்றினேன். வெட்கமில்லாமல் அழுதேன்.

ஏழாம் படகின் ஹீட்டரில் வயர் வெந்து போயிருந்தது. டைமர் வைத்து தினமும் 5.40க்கு அது ஓடும்போது மட்டும் கசிவு. அப்படியானால் சுவிட்ச் தன் வேலையைத்தான் செய்திருக்கிறது என்று மனதைத் தேற்றிக்கொண்டேன்.

மறுநாள் அந்த சுவிட்சைக் கழற்றி ரிப்பேர் கடையில் கொடுத்தேன். கடைக்காரர் திறந்து பார்த்து உதட்டைப் பிதுக்கினார்.

"உள்ள கம்பிச்சுருள் எரிஞ்சு துருவே ஏறியிருக்கு. ரெண்டு மூணு வருஷம் இருக்கும். இது தானா விழவே விழாதுண்ணே. யாராவது கையால தள்ளினாத்தான் உண்டு."