ஊறப்போட்ட பலகைகள்

ஆசீர்வாதம் போய்விட்டான் என்ற செய்தி ஆம்பூர்ச் சந்தையில் வைத்து எனக்கு வந்தது. "காத்தால எழுந்திருக்கல. அவ்ளோதான்" என்றார் அவன் மைத்துனர். கையிலிருந்த கீரைக்கட்டை என்ன செய்வதென்று தெரியாமல் அவரிடமே கொடுத்துவிட்டேன்.

தோல் பதனிடும் ஷாப்பில் இருபது வருஷம் என் பக்கத்தில் நின்று தோல் தரம் பிரித்தவன். அவன் நாக்கு ஊருக்கே தெரியும். மேஸ்திரி முன்னாலேயே, "இது ஆட்டுத்தோலா, அப்பளமா?" என்பான். மனைவி எஸ்தரிடம் மட்டும் அந்த நாக்கு அடங்கிவிடும்.

எஸ்தருக்கு நெஞ்சில் வியாதி. வெளிக்காற்றில் உட்கார வையுங்கள் என்றார் டாக்டரம்மா. தரையில் உட்கார்ந்தால் அவளால் எழ முடியாது. அவன் ரயிலடியில் கழித்துப்போட்ட பெஞ்சின் இரும்புக் கால்களைக் கொண்டுவந்தான். நான் மாம்பலகைகள் கொடுத்தேன். அன்று சாயங்காலமே பூட்டியிருக்கலாம். நான்தான் கெடுத்தேன். "அப்படியே மாட்டினா கரையான் அரிச்சிடும். ஷாப்புல தோல் ஊறப்போடற பட்டத் தண்ணில ஊறட்டும்" என்றேன்.

"தோலா இன்னா, ஊறப்போட?" என்றவன், பிறகு ஒத்துக்கொண்டான். ஊறாத எதன்மேலும் தோல்காரர்களுக்கு நம்பிக்கை கிடையாது.

ஷாப்பின் பட்டைத் தண்ணீர்க் குழியில் இருபது நாள், நிழலில் பத்து நாள். ஜன்னலோரம் படுத்தபடி எஸ்தர் கேட்பாள்: "அண்ணா, பெஞ்சு இன்னா ஆச்சு?" "இன்னும் ரெண்டே நாள், தங்கச்சி" என்பேன். எத்தனை தடவை சொன்னேனோ. பலகை காயுமுன் அவளை அடக்கம் செய்தோம்.

மறுவாரம் அவன் கூப்பிட்டான். "அவ கேட்டா. வெக்கணும்" என்றான். கொல்லையில் குழி தோண்டிக் கால்களை நட்டோம். நான் பலகையைப் பிடிக்க, அவன் மரை முடுக்கினான். இரண்டு நாளில், இரும்பு பட்ட இடமெல்லாம் மரம் மையாகக் கறுத்துவிட்டது. பட்டைத் தண்ணீர் இரும்பில் பட்டால் கறுக்கும் என்று ஷாப்பில் எல்லோருக்கும் தெரியும்; அங்கே இரும்பு வாளியே வைக்கமாட்டோம். எங்கள் இருவருக்கும் அது தோன்றவில்லை. "உக்காந்திருந்தா அவ வெள்ளப் பொடவ கெட்டிருக்கும்" என்றான். என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

அந்தப் பெஞ்சில் அவன் உட்கார்ந்து நான் பார்த்ததேயில்லை. நேற்று அவன் அடக்கத்துக்கு வந்தவர்களும் அதைச் சுற்றி நின்றார்களே தவிர, உட்காரவில்லை. நான் போய் உட்கார்ந்தேன். முந்தின நாள் மழையில் பலகை நனைந்திருந்தது. வேட்டியில் கறுப்புக் கறை ஒட்டிக்கொண்டது. அதை வெளுக்கப் போடமாட்டேன். அவன் என்னைத் திட்டாமல் விட்டதெல்லாம் அதில் இருக்கிறது.