ஆள் மாறினாலும் அணி ஓடும்

டென்மார்க்கின் டோஸ்ட்ருப்பில் சனிக்கிழமைகளில் பிள்ளைகள் தமிழ் வகுப்புக்குள் போனதும் தகப்பன்மார் நாங்கள் பாடசாலைக் கன்ரீனில் கூடிவிடுவோம். பிளாஸ்க்கில் தேநீர், யாராவது வீட்டு ரோல்ஸ், பிறகு வாய்ச்சண்டை. எனக்கு வாய்ச்சண்டைதான் முக்கியம். வென்றே தீரவேண்டும் என்ற வியாதி சின்ன வயதிலிருந்தே உண்டு.

போன ஜனவரிச் சண்டை அமெரிக்கன் ஃபுட்போலைப் பற்றியது. அந்தப் பைத்தியத்தை எனக்கு ஏற்றிவிட்டவர் அங்கே பிள்ளையைக் கொண்டுவரும் ஓர் அண்ணை. என்னைவிட ஆறு வயது மூத்தவர். பிஸ்கற் தொழிற்சாலையில் ஒரு மெஷின் வரிசைக்கே பொறுப்பாக இருந்தவர். பாரம் தூக்கி நாரி, அதாவது இடுப்பு, போய், நாலு மாதமாகச் சுகயீன விடுப்பில் இருந்தார்.

அன்று வந்ததும் வராததுமாகச் சொன்னார்: "திங்கக்கிழமை ஃபக்டரியில கூப்பிட்டிருக்கிறாங்கள். பாரம் தூக்காத வேலை ஏதும் தாங்கோ எண்டு கேக்கப்போறன். வீட்டில இருந்து விசர் பிடிக்குது."

"ஓம் ஓம், கேளுங்கோ" என்றேன். என் மனம் ஆட்டத்தில் இருந்தது. எங்கள் அணியின் குவார்ட்டர்பேக், அதாவது பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்துகிறவன், முழங்கால் உடைந்து படுத்திருந்தான். தோற்றால் வெளியேற வேண்டிய பிளேஓஃப் அடுத்த வாரம்.

"அவன்தான் தம்பி மூளை. அவன் இல்லாட்டி பிளேஓஃபில முதல் மட்சிலயே சரிஞ்சு போவாங்கள், இருந்து பாரும்."

"விசர்க்கதை கதையாதேங்கோ அண்ணை. மாத்து ஆள் வந்து மூண்டு மட்ச் வெண்டிட்டான். முன்னுக்கு நிண்டு மறிக்கிறவங்கள் பலமெண்டால் ஆர் எறிஞ்சா என்ன?"

"அது சோப்ளாங்கி அணிகளோட வெண்டது."

சுற்றியிருந்தவர்கள் அவர் பக்கம் தலையாட்டினார்கள். எனக்குப் பொறுக்கவில்லை. அன்றைக்கு என் நாக்கில் சனி.

"ஏன் தூரப் போவான்? உங்களையே எடுங்கோ. நாலு மாசமா நாரியைப் பிடிச்சுக்கொண்டு வீட்டில இருக்கிறியள். ஃபக்டரி நிண்டுட்டுதோ? அடுத்த நாளே உங்கட இடத்தில ஒருத்தன் நிண்டிருப்பான்!"

கன்ரீனே சிரித்தது. அவரும் சிரித்தார். பிறகு பிளாஸ்க்கின் மூடியை மெல்லத் திருகி மூடினார். நான் அதைப் பார்த்தேன். பார்த்தும் இரண்டாவது ரோல்சை எடுத்துக் கடித்தேன்.

அடுத்த சனி அவர் வரவில்லை. மனைவிதான் பிள்ளையைக் கொண்டுவந்து விட்டார். "அரை நாள் வேலை தாறம் எண்டவங்களாம். இவர்தான் வேண்டாமெண்டு வேலையை விடுறதுக்குக் கையெழுத்து வச்சிட்டு வந்திட்டார். ஏனெண்டு கேட்டால் வாய் திறக்கிறாரில்லை" என்றார். ஏன் என்று எனக்குத் தெரியும். சொல்லத் துணிவில்லை.

எங்கள் ஆட்களுக்குள் மன்னிப்புக் கேட்கிற பழக்கம் கிடையாது. எதையாவது பொதிந்துகொண்டு வீட்டுக்குப் போவோம், மற்றவர் விளங்கிக்கொள்ளவேண்டும். நானும் மறுநாள் ஞாயிறு பின்னேரம் ஒரு பெட்டி ரோல்சோடு போனேன். ஏழு மணிக்குப் பிளேஓஃப் ஆட்டம். இருவரும் சோபாவில் இருந்து பார்த்தோம். மாற்று ஆள் எறிந்த பந்துகளில் மூன்று எதிரணியின் கைக்கே போனது. படுதோல்வி.

தோற்றதில் எனக்கு அவ்வளவு சந்தோசம்! சொல்ல ஒரு வழி கிடைத்துவிட்டது.

"அண்ணை, நீங்கள் சொன்னதுதான் சரி. அவன் இல்லாமல் அணியே இல்லை. நான் அண்டைக்குக் கதைச்சது முழுப்பிழை."

அவருக்கு விளங்கும் என்று நம்பினேன். விளங்கியும் இருக்கும். நாரிக்குப் பின்னால் தலையணையைச் சரிசெய்துகொண்டு, தொலைக்காட்சியை விட்டுக் கண்ணை எடுக்காமலே சொன்னார்:

"இல்லைத் தம்பி, நீர்தான் சரி. அடுத்த வருசம் வேற ஒருத்தனைப் பிடிப்பாங்கள். ஆட்டம் நிக்காது."

பிறகு நான் கொண்டுபோன பெட்டியை என் பக்கம் நகர்த்தி, "சாப்பிடும், ஆறிப்போச்சு" என்றார்.