நாலு மூலையும் பார்த்த பிறகு

“நாலு மூலையும் பாத்தாச்சா?”

ஞானசுந்தரி டீச்சர் கைப்பேசியை நீட்டிக் கேட்கிறார். முன்வரிசையிலிருந்து இரண்டு பெண்கள் எழுந்து வந்து, அப்போதுதான் எடுத்த படத்தை விரலால் பெரிதாக்கி, மூலை மூலையாகத் தேடுகிறார்கள். “கீழ ஒரு காலு தெரியுது டீச்சர். பாஞ்சாலி காலு.” டீச்சர் திரும்பி, “பாஞ்சாலி, உன் காலு போலாமா?” என்கிறார். பாஞ்சாலி கொஞ்சம் யோசித்து, “காலுதானே, போவட்டும்” என்று அனுமதி தருகிறாள். அதன் பிறகுதான் படம் கிளம்புகிறது. அதில் ஒரு முகம்கூட இல்லை. ஏழாம் வகுப்பின் முதுகுகளும் ரிப்பன்களும், ஸ்மார்ட் போர்டை நோக்கி நீட்டிய கைகளும்தான் இருக்கின்றன.

தினமும் இப்படி ஒரு படம் வட்டார ஆசிரியர்களின் வாட்ஸ்அப் குழுவுக்குப் போக வேண்டும். வாங்கிக் கொடுத்த போர்டை உபயோகிக்கிறார்கள் என்பதற்கு அதுதான் சாட்சி. முகம் தெரியவில்லையே என்று மேலிருந்து மூன்று முறை விளக்கம் கேட்டார்களாம். “மொகம் தெரியலன்னா இன்னா சார்? கை தெரியுது இல்ல? வேலை செய்றது கைதானே?” என்கிறார் என்னிடம். எழுத்தில் கொடுத்த விளக்கமும் ஏறக்குறைய இதேதான். அதில் ‘இன்னா’ மட்டும் இல்லை.

உத்திரமேரூரிலிருந்து மாகறல் போகிற சாலையில், ஏரிக்கரை ஓரமாக உள்ளே திரும்பினால் பள்ளிக்கூடம். ஊர்ப் பெயர் வேண்டாம். டீச்சரின் பெயர் உட்பட இதில் வரும் எல்லாப் பெயர்களும் மாற்றியவை. இதோடு வெளியிடப் படமும் கிடையாது, கேட்டுப் பார்த்தேன், கிடைக்கவில்லை.

டீச்சருக்கு நாற்பத்தெட்டு வயது. எண்ணெய் வைத்துப் படிய வாரிய தலை, பழைய ஸ்கூட்டர், ஞாயிறு தவறாமல் சர்ச். நெற்றியில் பொட்டு வைக்காத டீச்சர், பிள்ளைகளிடம் ஸ்டிக்கர் பொட்டு கேட்டு வாங்கி மடிக்கணினியின் காமிராமேல் ஒட்டி வைத்திருக்கிறார். இணையத்திலிருந்து யானைப் படம் எடுத்து வந்தால், “யாரு புடிச்ச படம்? பேரு போட்டியா?” என்பார். டேப்லட்டைப் பார்த்து முடித்தவர்கள் தங்கள் கணக்கிலிருந்து வெளியேறாமல் எழுந்துவிட்டால், “வூட்டைத் தொறந்து போட்டுக்கினு எங்க கெளம்பிட்ட?” என்று குரல் வரும். பாடத்தில் கொஞ்சம் அசிரத்தையாக இருந்தால்கூட மன்னித்துவிடுகிறார். இந்த விஷயங்களில் மட்டும் ஆள் கறார்.

இந்தக் கறாருக்குக் காரணம் போன வருடம் நடந்த ஒரு சங்கதி. அப்போது டீச்சரும் எல்லாரையும் போலத்தான், பிள்ளைகளின் முகம் தெரியப் படமும் வீடியோவும் எடுத்து அனுப்பிக்கொண்டிருந்தார். ஒரு திங்கட்கிழமை, அவர் வகுப்பில் படிக்கும் செவ்வந்தி பள்ளிக்கு வரவில்லை. செவ்வாயும் வரவில்லை. புதனன்று, உத்திரமேரூர் கடைத்தெருவில் ரீசார்ஜ் கடை வைத்திருக்கும் அஹமது பாட்சா, “டீச்சர், இது உங்க ஸ்கூல்தானே?” என்று சிரித்துக்கொண்டே ஒரு வீடியோவைக் காட்டினார். பெஞ்சில் கன்னத்தை வைத்து, வாய் லேசாகத் திறந்திருக்க, செவ்வந்தி தூங்குகிறாள். பின்னணியில் யாரோ குறட்டைச் சத்தம் சேர்த்திருந்தார்கள். ‘ஸ்மார்ட் கிளாஸ் நடக்கிறது, சத்தம் போடாதீர்கள்’ என்று மேலே எழுத்து வேறு.

அந்த வீடியோ எனக்கும் வந்திருந்தது. சிரித்தேன். மூன்று பேருக்கு அனுப்பவும் செய்தேன். அதைச் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது.

அன்று மாலையே டீச்சர் செவ்வந்தியின் வீட்டுக்குப் போனார். அவளுடைய அம்மா அம்முலு, வாசலிலேயே நிறுத்திப் பேசினாள். “வாணாம் டீச்சர், படிப்பும் வாணாம் ஒண்ணும் வாணாம். பூ எட்த்துக்கினு போறவன்கூட போனைக் காட்டி சிரிக்கிறான். இருட்டுல என்கூட வந்து மல்லி பறிச்சிட்டு, வெளிச்சம் வர்றதுக்கு முன்ன வூட்டுக்கு ஓடியாந்துடுது. நாலு மணிக்கு எழுந்து வேலை செய்யுதே, அதை எவனாச்சும் படம் புடிச்சானா?” செவ்வந்தி நாலு மணிக்கு எழுந்திருக்கிறாள் என்பதே அப்போதுதான் டீச்சருக்குத் தெரியும்.

டீச்சருக்கு ஆத்திரம் தாங்கவில்லை. இதைச் செய்தவனைக் கண்டுபிடித்து அம்முலு முன்னால் கொண்டுவந்து நிறுத்துவது, பெண்ணைத் திரும்பப் பள்ளிக்கு அழைத்துவருவது என்று முடிவு கட்டினார். மறுநாள் பாட்சா கடைக்கே போய், “பாய், உங்களுக்கு யாரு அனுப்பிச்சா?” என்று கேட்டார். நூறு நாள் வேலையில் இருக்கும் பரிமளா என்றார் அவர். ஏரிக்கரையில் மண் வெட்டிக்கொண்டிருந்த பரிமளாவிடம் போய், உனக்கு யார் அனுப்பியது என்று கேட்டார். அடுத்து அவள் கைகாட்டிய வீடு. இப்படியே நான்கு நாட்கள், பள்ளி விட்டதும் ஸ்கூட்டரில் வீடு வீடாக ஏறி இறங்கினார். போன இடத்திலெல்லாம், “என் முன்னாடியே அழி” என்று நின்று அழிக்க வைத்தார். “ஒரு நிமிஷ தமாசுக்கு இன்னா டீச்சர் இவ்ளோ பேஜாரு?” என்று ஒருவர் சலித்துக்கொண்டார். “உனக்கு ஒரு நிமிஷம். அந்தப் பொண்ணு ஒரு வாரமா தெருவுல கால் வைக்கல” என்றார் டீச்சர். சலித்துக்கொண்டவர் அழித்தார்.

பதினொன்றாவது வீடு சாமுவேலுடையது. பக்கத்து ஊர்ப் பள்ளி ஆசிரியர், டீச்சரின் சர்ச்சுக்கே வருகிறவர். தன் தம்பிதான் விளையாட்டாக வெட்டி ஒட்டினான் என்று ஒப்புக்கொண்டார். தம்பிக்கு வீடியோ எங்கிருந்து கிடைத்தது என்று கேட்டதும் தயங்கினார். பிறகு கைப்பேசியில் ஆசிரியர் குழுவைத் திறந்து, மேலே தள்ளிக்கொண்டே போய், ஓர் இடத்தில் நிறுத்திக் காட்டினார். “முழு வீடியோ நீங்க போட்டதுதான்க்கா. அவன் அந்த மூலையை மட்டும் வெட்டிக்கினான்.”

‘வணக்கம் ஐயா, இன்றைய ஸ்மார்ட் வகுப்பு’ என்ற வரிக்குக் கீழே டீச்சர் அனுப்பிய வீடியோ இருந்தது. உற்சாகமாகக் கை தூக்கும் முப்பது பிள்ளைகள். கீழே வலது மூலையில், கட்டைவிரல் அளவுக்குச் செவ்வந்தி.

“பத்து வூடு ஏறி திருடனைத் தேடினேன் சார். பதினொண்ணாவது வூட்ல என் பேரு கீது” என்கிறார். இதைச் சொல்லும்போது இப்போதும் அவர் குரல் இறங்கிவிடுகிறது.

சாமுவேலின் தம்பியை இழுத்துப்போய் அம்முலு முன்னால் நிறுத்தியிருக்கலாம். யாரும் டீச்சரைக் குறை சொல்லியிருக்கப் போவதில்லை. அவனையும் விடவில்லை, அனுப்பிய இடத்துக்கெல்லாம் ‘தப்பு செய்துவிட்டேன், அழித்துவிடுங்கள்’ என்று எழுத வைத்தார். ஆனால் அம்முலு வீட்டு வாசலுக்குத் தனியாகப் போய் நின்றார். “நான்தான் அனுப்பிச்சேன் அம்முலு. பாக்காம அனுப்பிச்சேன். உன் பொண்ணையும் கேக்கல, உன்னையும் கேக்கல. தப்பு என்னுது.”

 டீச்சர்கள் மன்னிப்புக் கேட்டு அம்முலு பார்த்ததில்லை. உள்ளேயிருந்து செவ்வந்தியின் குரல்தான் வந்தது. “மறுபடி தூங்கிட்டேன்னா?”

“தூங்கினா தூங்கு. எழுந்ததும் பாடத்தை மறுபடி சொல்றேன். படம் மட்டும் எவனும் புடிக்க முடியாது. அதுக்கு நான் பொறுப்பு.”

இரண்டு நாள் கழித்து செவ்வந்தி வந்தாள். வகுப்பிலும் டீச்சர் தன் தப்பைச் சொன்னார். மூலை பார்க்கும் வேலையை அன்றே பிள்ளைகள் கேட்டு வாங்கிக்கொண்டார்கள். வாரம் இரண்டு பேர், சீட்டுக் குலுக்கிப்போட்டு.

நானும் ஒரு வீடாக இருந்தேன் என்று டீச்சரிடம் ஒப்புக்கொண்டேன். அவர் திட்டவில்லை. “அழிச்சிட்டீங்களா? அந்த மூணு பேரு?” என்று மட்டும் கேட்டார். அவர்களை அழிக்கச் சொல்ல எனக்குத் தோன்றவே இல்லை. ஏழாம் வகுப்பின் கடைசி பெஞ்சில் உட்கார வைத்து, மூன்று பேருக்கும் அங்கேயே போன் போடச் சொன்னார். ஒருவன் எடுக்கவில்லை. எடுக்கும்வரை விடவில்லை. இந்தக் கதையை எழுதலாமா என்று செவ்வந்தியிடம் என்னையே கேட்கச் சொன்னார். “எளுதுங்க. பேரு மட்டும் செவ்வந்தின்னு போடுங்க” என்றாள் அவள்.

போன வியாழக்கிழமை நான் அதே பெஞ்சில் இருந்தேன். போர்டில் பெரிய வட்டம் ஒன்று. டீச்சர் ஆரத்தையும் விட்டத்தையும் விளக்கிக்கொண்டிருந்தார். மூன்றாவது வரிசையில் செவ்வந்தி கைமேல் தலை சாய்த்துத் தூங்கிப்போயிருந்தாள். அம்முலுவிடம் பேசி வாரத்தில் மூன்று நாட்களாவது அவளைப் பூப்பறிக்க எழுப்பாமலிருக்கச் செய்திருக்கிறார் டீச்சர். அன்று மீதி நாட்களில் ஒன்று. எழுப்பட்டுமா என்று பக்கத்துப் பெண் கண்ணால் கேட்டாள். வேண்டாம் என்று டீச்சர் தலையசைத்தார்.

அப்போது பார்வையிட வந்த அதிகாரி ஒருவர் வாசலில் தோன்றினார். நல்ல மனிதராகத்தான் தெரிந்தார், முகமெல்லாம் சிரிப்பு. வணக்கம் சொல்வதற்கு முன்பே கைப்பேசியை உயர்த்திவிட்டார்.

“விட்டத்துல பாதி ஆரம்” என்று சொல்லிக்கொண்டே டீச்சர் போர்டைவிட்டு விலகி, மூன்றாவது வரிசைக்கும் வாசலுக்கும் நடுவே வந்து நின்று, இடுப்பில் கை வைத்து முந்தானையை அகல விரித்துக்கொண்டார். அதிகாரி படம் சரியாக விழுவதற்காக இரண்டடி இடப்பக்கம் நகர்ந்தார். டீச்சரும் இரண்டடி நகர்ந்தார்.