இரவல் கை

இந்த நாட்டில் முன்பின் தெரியாதவர்கள் கேட்டுவிடுகிறார்கள். பஸ் நிறுத்தத்தில் பக்கத்தில் நிற்கிற மலாய்க்கார அம்மா, பாசாரில் மீன் வெட்டித் தருகிற சீனர், பிரிக்பீல்ட்ஸ் முச்சந்தியில் வடை சுடுகிற நம்ம ஆள் என்று எல்லோரும் என் வலது கையைப் பார்ப்பார்கள். ஒரு நொடி தயங்குவார்கள், அப்புறம் கேட்டே விடுவார்கள். மினி பஸ் கண்டக்டர் ஒருவர், ஓடுகிற வண்டியில் கம்பியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டே, இன்னும் இருபது பேர் காதில் விழும்படி, "அக்கா, கை பாத்தாவா?" என்றார். பாத்தா என்றால் மலாயில் உடைந்தது. எனக்குக் காதெல்லாம் சூடாகிவிட்டது.

கை உடையவில்லை. எண்பத்தேழில் எனக்கு மார்பில் ஆபரேஷன் நடந்தது. கட்டியோடு அக்குளில் இருந்த நெறிக்கட்டிகளையும் எடுத்துவிட்டார்கள். அதற்குப் பிறகு கையில் ஊறுகிற நீர் வடிய வழியில்லாமல் தேங்கி, வலது கை இடது கையைவிட ஒரு மடங்கு பெருத்துப் போனது. அதை அமுக்கி வைக்கத் தோள் முதல் விரல் வரை ஓர் இறுக்கமான உறை. ஆஸ்பத்திரியில் 'ஸ்லீவ்' என்பார்கள். வெளிநாட்டிலிருந்து வரவழைக்க வேண்டும். காலையில் பவுடர் போட்டு, வீட்டுக்காரர் ஒரு பக்கம் பிடிக்க நான் ஒரு பக்கம் இழுக்க, சின்ன உறைக்குள் பெரிய தலையணையைத் திணிக்கிற கதைதான். பெட்டியில் தோல் நிறம் என்று போட்டிருந்தது. யாருடைய தோல் என்று போடவில்லை. என் கறுப்புத் தோளில் வெள்ளைக்காரி ஒருத்தியின் கையை ஒட்டவைத்த மாதிரி இருந்தது.

முதல் ஒரு மாதம் முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு திரிந்தேன். கோலாலம்பூர் வெயிலில் அது நடக்கிற காரியமா? அந்தக் கண்டக்டர்தான் எனக்கு வழி காட்டினார். மறுநாளும் அவர் கேட்டபோது, "என் ஸ்டாப்புல நிறுத்தாமப் போன கண்டக்டரை ஒரு அறை விட்டேன், வீங்கிப்போச்சு" என்றேன். பஸ்ஸே சிரித்தது, அவரும் சிரித்தார். அன்றிலிருந்து என் நிறுத்தத்தில் வண்டி அலுங்காமல் குலுங்காமல் நிற்கும். மீன்காரரிடம் இது வெள்ளைக்காரி கை, இரவல் வாங்கியது, ஞாயிற்றுக்கிழமை திருப்பித் தரவேண்டும் என்றேன். பக்கத்துக் கடைச் சீனத்து ஆன்டியிடம் கை கறுக்காமல் இருக்கப் போட்டிருக்கிறேன் என்று அளந்தேன். அந்த அம்மா அதை அப்படியே நம்பி, எங்கே கிடைக்கும், தனக்கும் ஒரு ஜோடி வேண்டும் என்று ஒரு வாரம் விடாமல் கேட்டார். அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை. வாய்க்கொழுப்பு அப்படி.

நான் கும்பகோணத்துப் பக்கம். எழுபத்தெட்டில் கல்யாணமாகி இங்கே வந்தேன். வீங்கிய கை கால் எங்கள் பக்கத்துக்குப் புதிது இல்லை. யானைக்கால்காரர்கள் தெருவுக்கு இரண்டு பேர் இருப்பார்கள். ஆனால் ஊரில் யாரும் கேட்கமாட்டார்கள். கேட்காமலே பெண் எடுக்க மறுப்பார்கள், கேட்காமலே பந்தியில் தள்ளி உட்காருவார்கள். எங்கள் தெருவில் ஒரு டீச்சரம்மா இருந்தார். இடது கால் தூண் மாதிரி இருக்கும், புடவையைத் தரை தட்டக் கட்டியிருப்பார். ஒரு கல்யாணத்தில் எனக்குப் பக்கத்து இலையில் வந்து உட்கார்ந்தார். நான் எழுந்து வேறு இலைக்குப் போய்விட்டேன். எனக்கு அப்போது பதினாறு வயது. வலிக்கிறதா என்று அந்த அம்மாவை ஒரு ஜீவன் கேட்டதாக எனக்கு நினைவில்லை. இங்கே கண்டக்டர் கூப்பாடு போட்டுக் கேட்டபோது முதலில் கூசினேன், பிறகு யோசித்தேன். கேட்கிறவன் குறைந்தபட்சம் தள்ளி உட்காரவில்லையே.

பிரிக்பீல்ட்ஸில் ஒரு ஜவுளிக்கடையில் வேலை எனக்கு. தைப்பூசம் நெருங்கினால் மூச்சுவிட நேரமிருக்காது. மஞ்சள் துணி மலைமலையாக வந்து இறங்கும், அன்றைக்கே தீரும். அப்படி ஒரு சாயங்காலம் கிள்ளானிலிருந்து சரோஜா என்கிற பெண் வந்தாள். நாற்பது வயதிருக்கும். முழுக்கை ரவிக்கை, தோளைப் போர்த்திய புடவை. துணியைத் தொட்டுப் பார்க்கிற சாக்கில் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். கடைசியில் மெல்ல, "இது எதுக்குக்கா?" என்றாள்.

காலையிலிருந்து அது பதினோராவது கேள்வி. அலுத்துப்போய், வாயில் வந்ததைச் சொன்னேன். "பத்துமலை முருகனுக்கு வேண்டுதல்மா. ஒரு மண்டலம் கையை இறுக்கிக் கட்டிவச்சா கேட்டது கிடைக்கும்."

சிரிப்பாள் என்று பார்த்தேன். அவள் சிரிக்கவில்லை. என் கையை இரண்டு கையாலும் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள், அரை மீட்டர் மஞ்சள் துணி கூடுதலாக வாங்கிக்கொண்டு போனாள். வீட்டில் இதைச் சொல்லி நான் சிரித்தபோது வீட்டுக்காரர் சிரிக்கவில்லை. சாமி விஷயத்தில் விளையாடாதே, விளையாட்டு வினையாகும் என்றார். உங்களுக்கு நகைச்சுவை உணர்ச்சியே கிடையாது என்று சொல்லிவிட்டுப் படுத்துவிட்டேன்.

தைப்பூசம் முடிந்தது. கடையில் கூட்டம் வடிந்திருந்த ஒரு மத்தியானம் சரோஜா மறுபடி வந்தாள். முழுக்கை ரவிக்கை இல்லை. அதற்குள் கை நுழையாது. இடது கையில் மணிக்கட்டிலிருந்து முழங்கை தாண்டி அந்த மஞ்சள் துணியைக் கயிறு மாதிரி முறுக்கிச் சுற்றியிருந்தாள். விரல்கள் பொங்கி, மோதிரம் சதைக்குள் புதைந்திருந்தது. துணிக்கு மேலே தோல் செக்கச்செவேலென்று இருந்தது. தொட்டேன், அனல். முகத்திலும் காய்ச்சல் தெரிந்தது. அவளோ சந்தோஷமாக, "நீங்க சொன்ன மாதிரியே கட்டிட்டேன்கா. நாப்பது நாள் ஆச்சு, இன்னும் எட்டு நாள்தான்" என்றாள்.

நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். இங்கே தவளை கத்தியது, கெட்டது வேறொருத்தி. மெதுவாக விசாரித்தேன். எனக்கு நடந்த அதே ஆபரேஷன் அவளுக்கும் நடந்து ஒன்றரை வருடம். கணவரைத் தவிர யாருக்கும் தெரியாது. மகளுக்கு மாப்பிள்ளை பேசி வைத்திருக்கிறார்கள், இந்தச் சீக்குப் பரம்பரைக்கும் வரும் என்று சம்பந்தி வீட்டில் பின்வாங்கிவிடுவார்களோ என்று பயம். கை வீங்க ஆரம்பித்ததும் டாக்டரிடம் போகவில்லை. போனால் வெளியே தெரிந்துவிடும். முருகனே பார்த்து வீக்கத்தை வற்ற வைக்கட்டும் என்று கட்டியிருக்கிறாள்.

துணி மாற்றிப் பார்க்கிற மறைப்புக்குள் அவளை இழுத்துக்கொண்டு போய்த் திரையை மூடினேன். இப்போதே அவிழ்த்துவிடு, கை அழுகிப்போகும், ஆஸ்பத்திரிக்குப் போவோம் என்றேன். அவள் அசையவில்லை. சாமிக்குக் கட்டியதை நடுவில் அவிழ்த்தால் குத்தம், மகள் தலையில் விடியும் என்றாள். எனக்குக் கோபம் வந்தது, அவள்மேல் இல்லை. என் உறையை உருவினேன். வீட்டுக்காரரைத் தவிர யாரும் பார்த்திராத கை அது, மாவுருண்டை மாதிரி வெளிறிப் போயிருக்கும். ரவிக்கையையும் தளர்த்தித் தழும்பைக் காட்டினேன். அப்புறம்தான் சொன்னேன்.

"வேண்டுதலும் இல்ல, ஒண்ணும் இல்ல. பொய் சொன்னேன் சரோஜா. உனக்கு நடந்ததுதான் எனக்கும்."

அவள் என்னை அடித்திருந்தால் வாங்கிக்கொண்டிருப்பேன். அவள் தழும்பையே பார்த்தாள், அழுதாள். ஆனாலும் துணியில் கை வைக்கவிடவில்லை. நீங்கள் சொன்னது பொய்யாக இருக்கலாம், நான் வேண்டிக்கொண்டது நிஜம்தானே என்றாள். நான் என் இடது கையை நீட்டினேன். "குத்தம் என்னோடது. மிச்ச எட்டு நாளை நான் கட்டுறேன். உன் துணிய என் கையில சுத்து."

நேர்ந்துகொண்டவருக்கு முடியாமல் போனால் வீட்டில் இன்னொருவர் நிறைவேற்றுவது உண்டுதானே. "அப்போ நீங்க எனக்கு அக்கா முறை ஆகணும்" என்றாள். ஆகிறேன் என்றேன். அவளே அவிழ்த்து, அவளே என் இடது கையில், இறுக்காமல் சுற்றினாள். டாக்ஸி பிடித்து நேராக ஆஸ்பத்திரி. கையில் கிருமி ஏறியிருந்தது, பத்து நாள் படுக்க வேண்டியிருந்தது. மருந்து கேட்டது, கை தப்பியது.

சம்பந்தி வீட்டுக்குத் தெரியாமல் பத்து நாள் ஆஸ்பத்திரியில் இருக்க முடியுமா? மூன்றாம் நாளே சம்பந்தியம்மா மைலோ சத்துமாவு டின்னைத் தூக்கிக்கொண்டு வந்து நின்றார். கட்டிலில் உட்கார்ந்து, எந்தப் பக்கம், எத்தனை தையல், எப்போது என்று ஒன்றுவிடாமல் கேட்டார். சரோஜா எல்லாவற்றுக்கும் உண்மையைச் சொன்னாள். எழுந்து போகும்போது அந்த அம்மா, முன்னாடியே சொல்லியிருந்தால் கூடமாட இருந்திருப்பேனே என்று திட்டிவிட்டுப் போனார். கல்யாணத் தேதி மாறவில்லை.

எட்டு நாள் முடிந்தும் துணியை நான் அவிழ்க்கவில்லை. சரோஜாவுக்கு உறை வந்து சேர்ந்த பிறகு, அவளோடு பத்துமலைக்குப் போய்ப் படியேறி, அங்கே அவள் கையால் அவிழ்த்தோம். அவள் கையிலும் வெள்ளைக்காரி வந்திருந்தாள். இறங்கும்போது நடுப்படியில் ஒருவர் கேட்டார். சரோஜா முந்திக்கொண்டு, "நாங்க ரெண்டு பேரும் பாக்சிங் போடுறவங்க லா அங்கிள்" என்றாள். அவர் சிரித்து முடிக்கும்வரை காத்திருந்து, ஆபரேஷனைப் பற்றியும் சொன்னாள். கட்டி தெரிந்தால் மறைக்கவேண்டாம் என்று வீட்டுப் பெண்களிடம் சொல்லச் சொன்னாள். எங்கள் புது ஏற்பாடு அது. சிரிப்பு முதலில், உண்மை உடனே.

அதைக் கேட்டபடி எதிரே ஒரு பெண் ஏறி வந்துகொண்டிருந்தாள். ஊரிலிருந்து யாத்திரைக்கு வந்த கூட்டம், காதில் விழுந்த பேச்சு எங்கள் பக்கத்துப் பேச்சு. என் கையைப் பார்த்ததும் பார்வையைத் திருப்பிக்கொண்டாள், ஓரமாக ஒதுங்கினாள். அந்த ஒதுங்கல் எனக்கு அத்துப்படி. கோபம் வரவில்லை. நான் நின்று, "கேக்கலாம்மா, தப்பில்ல" என்றேன். அவள் தயங்கினாள். தயங்கி, எதைக் கேட்பது என்று தெரியாமல், எங்கள் ஊர்க்காரர்கள் எல்லோரும் முதலில் கேட்பதைக் கேட்டாள்.

"உங்களுக்கு எந்த ஊரு?"

கும்பகோணம் என்று நானும், என்னைக் காட்டிப் பிரிக்பீல்ட்ஸ் என்று சரோஜாவும் ஒரே நேரத்தில் சொன்னோம். அவள் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். இதில் எதும்மா நிஜம் என்றாள். இரண்டும் நிஜம்தான் என்று சொல்லிவிட்டு, அவளுக்கு உட்கார இடம்விட்டுப் படியில் நகர்ந்து உட்கார்ந்தேன்.